ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் கமாண்ட் இன்னொன்றில் ஏன் உடைகிறது? ஷெல்லின் உள்ளே நடப்பது

ஒரு மென்பொருள் திட்டத்தின் வழிகாட்டியில் நான்கு வரி கமாண்ட் கொடுத்திருப்பார்கள். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு நான்கும் ஓடிவிடும். மேக் வைத்திருப்பவருக்கு மூன்றாவது வரி நின்றுபோகும். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு முதல் வரியிலேயே சிவப்பு எழுத்தில் பிழை வரும். "என் மெஷினில் ஓடுகிறதே" என்று ஒருவர் சொல்ல, "விண்டோஸ் என்றாலே இப்படித்தான்" என்று இன்னொருவர் சொல்ல, பேச்சு அங்கேயே முடிந்துவிடும், காரணம் மட்டும் வெளியே வராது.

காரணம் நிச்சயம் இருக்கிறது. கமாண்ட்களின் பெயர் சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறுவது சின்னப் பிரச்சினைதான், தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய பிரச்சினை, நீங்கள் அடித்த வரியைத் துண்டு துண்டாகப் பிரித்து அதிலுள்ள நட்சத்திரக் குறிக்கும் மேற்கோள் குறிக்கும் பொருள் கொடுக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சில சிஸ்டங்களில் அதை ஷெல் செய்கிறது, சிலவற்றில் ஓடப்போகும் புரோகிராமே செய்துகொள்கிறது, சிலவற்றில் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் செய்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் தலைசுற்ற வைக்கும் பல பிழைகள் தாமாகவே விளங்கும்.

## டெர்மினல் வேறு, ஷெல் வேறு

கறுப்பு ஜன்னல் முழுவதற்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவதுதான் முதல் குழப்பம். உள்ளே நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

1. டெர்மினல். கீபோர்டில் அடித்ததை உள்ளே அனுப்பும், திரும்பி வருவதைத் திரையில் வரையும். நிறம், எழுத்துரு, டேப், காப்பி பேஸ்ட் எல்லாம் இதன் பொறுப்பு. விண்டோஸ் டெர்மினல், குனோம் டெர்மினல், மேக்கில் இருக்கும் டெர்மினல் ஆப் எல்லாம் இந்த வகை. நீங்கள் அடித்த கமாண்டுக்கு என்ன பொருள் என்று இதற்குத் தெரியாது.
2. ஷெல். வரியைப் படித்து, எந்த புரோகிராமை எந்த ஆர்க்யூமென்ட்களோடு (கமாண்டோடு சேர்த்துக் கொடுக்கும் சொற்களோடு) ஓட்டுவது என்று முடிவு செய்யும். பாஷ், இசட் ஷெல், பவர்ஷெல், விண்டோஸின் பழைய சிஎம்டி ஆகியவை ஷெல்கள்.
3. கெர்னல். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. ஷெல் கேட்டதும் புதிய பிராசஸை (ஓடும் புரோகிராமை) உருவாக்கும்.
4. ஓடுகிற புரோகிராம். கிட் (கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி), பைத்தான், கர்ல் (இணைய முகவரியிலிருந்து தரவை எடுக்கும் கருவி) என்று எதுவாகவும் இருக்கலாம்.

விண்டோஸ் டெர்மினலை நிறுவியும் லினக்ஸ் கமாண்ட் ஓடவில்லையே என்று கேட்பவர்கள் மாற்றியிருப்பது முதல் ஆளை. உள்ளே பவர்ஷெல்லோ சிஎம்டியோதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஷெல் என்பது கெர்னலுக்கு வெளியே இருக்கும் ஒரு சாதாரண புரோகிராம், வேண்டுமென்றால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். 1960களில் மல்டிக்ஸ் சிஸ்டத்துக்காக லூயி பூசான் முன்வைத்த இந்த யோசனையை யூனிக்ஸ் எடுத்துக்கொண்டது. இன்று இத்தனை ஷெல்கள் இருப்பதற்கும், அவற்றுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதற்கும் வேர் அங்கேதான்.

## என்டர் அழுத்தியதும் நடப்பது

யூனிக்ஸ் வழி வந்த ஷெல்களில் (லினக்ஸ், மேக் இரண்டும் இதில் சேரும்) வரிசை ஏறக்குறைய இப்படிப் போகும்:

1. வரியை இடைவெளி பார்த்துச் சொற்களாகப் பிரிக்கும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் இடைவெளியை விட்டுவிடும்.
2. டாலர் குறியோடு வரும் வேரியபிளுக்கு (ஒரு மதிப்புக்கு வைத்த பெயருக்கு) பதிலாக அதன் மதிப்பை வைக்கும். அதன் பிறகு நட்சத்திரக் குறியைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் கோப்புகளின் பெயர்களை வரிசையாக அந்த இடத்தில் போடும்.
3. பைப் குறி (ஒரு கமாண்டின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்புவது), கோப்புக்குத் திருப்பிவிடும் குறி ஆகியவற்றைக் கவனித்து, எதன் வெளியீடு எங்கே போக வேண்டும் என்று இணைப்புகளைப் போடும்.
4. முதல் சொல்லை புரோகிராமின் பெயராக எடுத்துக்கொண்டு, பாத் என்ற வேரியபிளில் இருக்கும் ஃபோல்டர்களில் ஒவ்வொன்றாகத் தேடும்.
5. கிடைத்ததும் ஆர்க்யூமென்ட்களின் பட்டியலைக் கொடுத்து ஓட்டும். புரோகிராம் முடிந்ததும் ஓர் எண் திரும்பி வரும். 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி.

இரண்டாவது படியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கோப்பை அழிக்கும் ஆர்எம் கமாண்டுக்கு நட்சத்திரக் குறி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஷெல் அதை முன்பே விரித்துக் கோப்புப் பெயர்களாக்கிக் கொடுத்துவிடுகிறது. அதனால் ஆர்எம் "நீங்கள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறீர்களா" என்று சந்தேகப்பட வழியில்லை. வேரியபிள் காலியாக இருந்தாலும் ஷெல் வாய் திறக்காது, அந்த இடத்தில் ஒன்றுமில்லாததை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் ஸ்கிரிப்டில் (கமாண்ட்களை வரிசையாக எழுதிவைத்த கோப்பில்) இதுதான் நடந்தது. ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய வேரியபிள் சில சூழலில் காலியாகிவிட, அதற்குப் பின்னால் இருந்த சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்ச, "அந்த ஃபோல்டரில் உள்ளதை அழி" என்ற வரி "சிஸ்டத்தின் வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி" என்று ஆகிவிட்டது. பயனாளியின் சொந்தக் கோப்புகள் போயின.

காலியான வேரியபிளைப் பிழையாகக் கருதி அங்கேயே நிற்கச் சொல்லும் வசதி ஷெல்லில் இருக்கிறது. ஆனால் நாம் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. இது மோசமான இயல்புநிலை என்றே நினைக்கிறேன். ஆனால் பல பத்தாண்டு ஸ்கிரிப்டுகள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டன, இனி மாற்ற முடியாது.

## யூனிக்ஸ் பக்கத்திலேயே ஒற்றுமை இல்லை

1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. எஸ்ஹெச் என்ற பெயரில் இன்றும் எல்லா யூனிக்ஸ் சிஸ்டங்களிலும் எதிர்பார்க்கப்படுவது அதன் வழிவந்த மொழிதான். 1989இல் குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ், 1990இல் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய இசட் ஷெல், டெபியன் லினக்ஸில் இருக்கும் டாஷ் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1992இல் பாசிக்ஸ் தரநிலை "ஷெல் என்றால் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும்" என்று எழுதி வைத்தது. அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேல் ஒவ்வொரு ஷெல்லும் தன் விருப்பத்துக்குச் சேர்த்துக்கொண்டது. சிக்கல் முழுக்க அந்தக் கூடுதல் பகுதியில் இருக்கிறது.

முதலில் உபுண்டு லினக்ஸ். ஸ்கிரிப்டின் முதல் வரியில் எஸ்ஹெச் ஓட்ட வேண்டும் என்று எழுதிவிட்டு, உள்ளே பாஷுக்கு மட்டுமே தெரிந்த இரட்டைச் சதுர அடைப்பு, அணி (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் வேரியபிள்) போன்றவற்றைப் பயன்படுத்தும் பழக்கம் பலருக்கு இருந்தது. எஸ்ஹெச் என்ற பெயருக்குப் பின்னால் பாஷே இருந்தவரை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பெயரில் அழைத்தாலும் பாஷ் தன் கூடுதல் வசதிகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்ளும். 2006இல் உபுண்டு 6.10 வந்தபோது அந்த இடத்தில் டாஷை வைத்தார்கள். டாஷ் சிறியது, வேகமாகத் தொடங்கும், சிஸ்டம் பூட் ஆகும்போது எஸ்ஹெச் ஸ்கிரிப்டுகள் ஏராளமாக ஓடும் என்பதால் அந்த வேகம் தேவைப்பட்டது. பல ஸ்கிரிப்டுகள் அன்று உடைந்தன. டெபியனும் 2011இல் அதே வழிக்கு வந்தது. அதே தவறு இன்றும் நடக்கிறது: மேக்கில் எழுதி ஓட்டிப் பார்த்த ஸ்கிரிப்ட் உபுண்டு சர்வரில் இரட்டை அடைப்பைக் கண்டு "இப்படி ஒரு கமாண்ட் இல்லை" என்கிறது. கன்டெய்னர்களில் (மென்பொருளை அதன் சூழலோடு சேர்த்துத் தனியாக ஓட்டும் பொதிகளில்) அதிகம் பயன்படும் ஆல்பைன் லினக்ஸில் பாஷே கிடையாது, நாமாக நிறுவ வேண்டும்.

அடுத்து மேக். அதில் இருக்கும் பாஷ் 3.2 பதிப்பு, அதாவது 2006இல் வெளிவந்த வரிசை. 2009இல் பாஷ் 4.0 வந்துவிட்டது, ஆனால் அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வந்தது, ஆப்பிள் அந்த உரிமத்துக்குள் போகவில்லை. அதனால் பெயர்-மதிப்பு அணி போல 4.0இல் சேர்ந்த வசதிகள் மேக்கில் இயல்பாக ஓடாது. 2019இல் கேட்டலினா பதிப்பிலிருந்து புதிய கணக்குகளுக்கு இசட் ஷெல்லை இயல்பு ஷெல்லாக ஆக்கினார்கள். அன்று டெர்மினலைத் திறந்த பலர் "ஷெல் மாறிவிட்டது" என்ற அறிவிப்பைப் பார்த்துக் குழம்பினார்கள். மாறியது நீங்கள் டைப் செய்யும் ஷெல் மட்டும்தான். ஸ்கிரிப்டின் முதல் வரி பாஷ் என்று சொன்னால் அது இன்றும் அந்தப் பழைய பாஷில்தான் ஓடும்.

டைப் செய்யும்போது கண்ணில் படும் வேறுபாடுகளில் முக்கியமானது இது. நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, சதுர அடைப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும் கோப்பு எதுவும் இல்லையென்றால் பாஷ் அந்தக் குறியை அப்படியே புரோகிராமிடம் கொடுத்துவிடும். இசட் ஷெல் "பொருந்துவது எதுவும் இல்லை" என்று கமாண்டையே நிறுத்திவிடும். பைத்தான் பேக்கேஜின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பில் கூடுதல் வசதியைக் குறிப்பிட்டு நிறுவும் வரி மேக்கில் உடைவதும், கேள்விக்குறி உள்ள இணைய முகவரியை மேற்கோள் இல்லாமல் கர்லுக்குக் கொடுத்தால் உடைவதும் இதனால்தான். மேற்கோள் போட்டுவிட்டால் இரண்டு ஷெல்லிலும் ஓடும். அணியின் எண்ணிக்கை பாஷில் 0இலிருந்து தொடங்கும், இசட் ஷெல்லில் 1இலிருந்து. 2005இல் வந்த ஃபிஷ் ஷெல்லோ பாசிக்ஸ் வழியைப் பின்பற்ற முயலவே இல்லை. டைப் செய்வதற்கு அது அருமையான ஷெல், ஆனால் அதற்குள் ஒட்டும் பாஷ் வரிகள் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஷெல் ஒன்றாகவே இருந்தாலும் அது கூப்பிடும் கருவிகள் வேறாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் குனு கருவிகள், மேக்கில் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளையின் வழிவந்தவை. கோப்பை அதே இடத்தில் திருத்தும் "செட்" கருவியின் மைனஸ் ஐ தேர்வுக்கு மேக்கில் பின்னால் ஓர் ஒட்டுப்பெயர் (பழைய கோப்பின் பிரதியை வைக்க அதன் பெயரோடு ஒட்டும் எழுத்துகள்) கட்டாயம், காலியாகவாவது கொடுக்க வேண்டும். குனுவில் ஒட்டுப்பெயர் தேவையென்றால் அந்தத் தேர்வோடு ஒட்டியே எழுத வேண்டும். ஒரே வரியை இரண்டிலும் ஓட வைக்க ஒட்டுப்பெயரைச் சேர்த்தே எழுதிவிட்டுப் பிறகு அந்தப் பிரதியை அழிப்பதுதான் எளிய வழி.

## விண்டோஸ் வேறு வழியில் வந்தது

சிஎம்டி 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. எம்எஸ்-டாஸ் காலத்து பேட்ச் கோப்புகள் (அந்த ஷெல்லுக்கான ஸ்கிரிப்டுகள்) ஓட வேண்டும் என்பதற்காகப் பழைய நடையையே வைத்துக்கொண்டது. இதில் ஒற்றை மேற்கோள் குறிக்கு எந்தச் சிறப்புப் பொருளும் இல்லை, அது சாதாரண எழுத்து. நட்சத்திரக் குறியையும் வெளிப் புரோகிராம்களுக்காக இது விரிப்பதில்லை, புரோகிராம்தான் விரித்துக்கொள்ள வேண்டும்.

பவர்ஷெல் முற்றிலும் வேறு யோசனை. 2002இல் ஜெஃப்ரி ஸ்னோவர் எழுதிய திட்ட அறிக்கையிலிருந்து வளர்ந்து 2006 நவம்பரில் முதல் பதிப்பு வந்தது. யூனிக்ஸில் பைப் வழியாகப் போவது வெறும் பைட்டுகள், வாங்கும் புரோகிராம் அதை வரிவரியாக வெட்டிப் பொருள் கண்டுபிடிக்க வேண்டும். பவர்ஷெல்லின் சொந்தக் கமாண்ட்களுக்கிடையே டாட்நெட் ஆப்ஜெக்ட்கள் (பெயரிட்ட பண்புகள் கொண்ட தரவுத் தொகுப்புகள்) போகின்றன. பிராசஸ்களின் பட்டியலில் அதிக நினைவகம் எடுப்பதைக் கண்டுபிடிக்க எத்தனையாவது நெடுவரிசை என்று எண்ண வேண்டாம், பண்பின் பெயரைச் சொன்னால் போதும். இந்த யோசனை உண்மையிலேயே நல்லது. யூனிக்ஸ் பழக்கத்தில் வந்தவர்கள் இதை ஒதுக்கித் தள்ளுவது நியாயமில்லை.

ஆனால் பைத்தான், கிட் போன்ற வெளிப் புரோகிராம்களுக்கு ஆப்ஜெக்ட் தெரியாது, அங்கே எழுத்தாக மாற்றியாக வேண்டும். அந்த எல்லையில்தான் நெடுங்காலம் தொல்லை இருந்தது. ஒரு வெளிப் புரோகிராமின் பைட்டுகளை இன்னொன்றுக்குப் பைப் செய்தால் பவர்ஷெல் நடுவில் அதை எழுத்தாக மாற்றித் திரும்பவும் பைட்டாக்கும். படக்கோப்பு, சுருக்கப்பட்ட கோப்பு எல்லாம் கெட்டுவிடும். 2023 நவம்பரில் வந்த 7.4 பதிப்பில்தான் பைட்டுகளை அப்படியே கடத்துவது இயல்புநிலை ஆனது.

இங்கே இன்னொரு விவரம் மிக முக்கியம்: விண்டோஸோடு வருவது 5.1 பதிப்பு. 2016இல் திறந்த மூலமாகி, லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும் பவர்ஷெல் 7 தனியாக நிறுவ வேண்டிய வேறு மென்பொருள். இரண்டும் ஒன்று என்று நினைப்பதால் வரும் குழப்பங்கள் பல:

1. "முதலாவது வென்றால் இரண்டாவதை ஓட்டு" என்பதற்கான இரட்டை ஆம்பர்சண்ட் (&&) 5.1இல் இல்லை, பிழையாகிவிடும். 2020இல் வந்த 7.0இல் இருக்கிறது.
2. 5.1இல் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதும். அந்தக் கோப்பை லினக்ஸ் கருவி படித்தால் எழுத்துக்கு எழுத்து நடுவில் காலி பைட் இருக்கும். 7இல் யூடிஎஃப்-8.
3. 5.1இல் கர்ல் என்று அடித்தால் ஓடுவது கர்ல் இல்லை, பவர்ஷெல்லின் வேறொரு கமாண்டுக்கு வைத்த செல்லப்பெயர். உண்மையான கர்ல் 2018 முதல் விண்டோஸ் 10இல் இருந்தும், இந்தச் செல்லப்பெயர் முந்திக்கொள்ளும். பெயரோடு .இஎக்ஸ்இ சேர்த்து அடித்தால் உண்மையானது ஓடும்.

## ஆழமான பிளவு: பட்டியலா, ஒற்றை வரியா

இதுவரை சொன்னவை எல்லாம் ஷெல்களுக்கு இடையிலான வேறுபாடு. இது அதற்குக் கீழே, ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலேயே இருக்கிறது.

யூனிக்ஸில் ஒரு புரோகிராமைத் தொடங்கும்போது கெர்னலிடம் ஆர்க்யூமென்ட்கள் பட்டியலாகப் போகின்றன. பட்டியலில் மூன்று உறுப்பு இருந்தால் புரோகிராமுக்கும் மூன்று கிடைக்கும். ஓர் உறுப்புக்குள் இடைவெளியோ மேற்கோள் குறியோ இருந்தாலும் கவலையில்லை, பிரிக்கும் வேலை ஷெல்லோடு முடிந்துவிட்டது.

விண்டோஸில் ஒரே நீண்ட வரி போகிறது. அதன் அதிகபட்ச நீளம் 32,767 எழுத்துகள், சிஎம்டி வழியாகப் போனால் 8,191. அந்த வரியை எங்கே வெட்டுவது என்பதை ஓடுகிற புரோகிராம்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான புரோகிராம்கள் மைக்ரோசாஃப்டின் சி லைப்ரரி வைத்திருக்கும் விதிகளைப் பின்பற்றுகின்றன: இரட்டை மேற்கோளுக்கு முன்னால் வரும் பின்சாய்கோடுகளுக்கு ஒரு பொருள், மற்ற இடத்தில் வரும் பின்சாய்கோடுகளுக்கு வேறு பொருள். சிஎம்டியின் விதிகள் முற்றிலும் வேறு, அங்கே தப்பிக்கும் குறி (அடுத்த எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்கும் குறி) கேரட் (^). எல்லா புரோகிராமும் இப்படித்தான் வெட்டும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இது வெறும் தலைவலியோடு நிற்காமல் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் ஆனது. 2024 ஏப்ரலில் பேட்பேட்பட் என்ற பெயரில் வெளியான குறை இதில் பிறந்ததுதான். ரஸ்ட் மொழி, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் போன்றவற்றில் ஆர்க்யூமென்ட்களைப் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் நடுவில் வராது, எனவே பாதுகாப்பு என்று டெவலப்பர்கள் நம்பியிருந்தார்கள். விண்டோஸிலோ, ஓட்டச் சொன்னது பேட்ச் கோப்பாக இருந்தால் சிஸ்டம் சத்தமில்லாமல் சிஎம்டியை நடுவில் கொண்டுவந்துவிடும். லைப்ரரி சி விதிப்படி மேற்கோள் போட்டுப் பாதுகாத்ததை சிஎம்டி தன் விதிப்படி படிக்கும், வெளியாள் கொடுத்த ஆர்க்யூமென்டுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கமாண்ட் ஓடிவிடும். ரஸ்ட் 1.77.2 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். நோட்டில் அதே மாதம் வந்த பாதுகாப்புப் பதிப்புகளிலிருந்து, ஷெல் தேர்வை வெளிப்படையாகக் கேட்காமல் பேட்ச் கோப்பைத் தொடங்கினால் பிழை திரும்பிவரும். விண்டோஸில் நோட்டின் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மின் கமாண்டே ஒரு பேட்ச் வகைக் கோப்புதான், அதனால் அதை நேரடியாகத் தொடங்கிக்கொண்டிருந்த பல கருவிகள் அந்த வாரம் திடீரென்று நின்றன.

## ஒரே வரி, மூன்று பொருள்: என்பிஎம் ஸ்கிரிப்ட்

மேலே சொன்னதெல்லாம் அன்றாட வேலையில் ஒன்றாகச் சேரும் இடம் என்பிஎம் ஸ்கிரிப்டுகள், அதாவது திட்டத்தின் ஜேசன் வடிவ அமைப்புக் கோப்பில் எழுதிவைத்து ஒரு பெயரால் ஓட்டும் கமாண்ட் வரிகள். என்பிஎம் அந்த வரியைத் தானே படிப்பதில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்ஹெச்சிடம் கொடுக்கும், விண்டோஸில் சிஎம்டியிடம் கொடுக்கும். நீங்கள் பவர்ஷெல்லில் உட்கார்ந்து ஓட்டினாலும் உள்ளே சிஎம்டிதான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இருக்கும் எல்லா ஸ்கிரிப்ட் கோப்புகளையும் சரிபார்க்க, இரட்டை நட்சத்திரம் வைத்து ஒரு வரி எழுதுகிறோம் என்று வையுங்கள்.

1. மேற்கோள் இல்லாமல் எழுதினால், எஸ்ஹெச் தானே விரிக்கும். ஆனால் அதற்கு இரட்டை நட்சத்திரம் தெரியாது, ஒற்றை நட்சத்திரமாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு நிலை ஆழத்தில் உள்ள கோப்புகள் மட்டும் கிடைக்கும், ஆழத்தில் உள்ளவை சரிபார்க்கப்படாமலே "எல்லாம் சரி" என்று முடிவு வரும். பிழையே வராமல் தவறாக ஓடுவதால் இதுதான் மிக ஆபத்தானது.
2. ஒற்றை மேற்கோளில் எழுதினால் லினக்ஸிலும் மேக்கிலும் சரியாக ஓடும், கருவியே விரித்துக்கொள்ளும். விண்டோஸில் மேற்கோள் குறியும் சேர்ந்து கருவிக்குப் போகும், அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொல்லும்.
3. இரட்டை மேற்கோளில், ஜேசன் கோப்புக்குள் இருப்பதால் பின்சாய்கோடு சேர்த்து எழுதினால் மூன்றிலும் ஓடும்.

சுற்றுச்சூழல் வேரியபிளும் இப்படித்தான். கமாண்டுக்கு முன்னால் பெயரும் மதிப்பும் எழுதும் வழக்கம் எஸ்ஹெச்சுக்குத் தெரியும், சிஎம்டி அதை புரோகிராமின் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். சிஎம்டியின் சொந்த வழியில் வேரியபிளை வைத்துவிட்டு, ஓர் இடைவெளி விட்டு && போட்டு அடுத்ததை எழுதினால் அந்த இடைவெளியும் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். "புரொடக்‌ஷன்" என்பதும் கடைசியில் ஓர் இடைவெளியோடு வரும் "புரொடக்‌ஷன் " என்பதும் புரோகிராமுக்கு ஒன்றல்ல. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால் இதைத் தேடிக் கண்டுபிடிக்க நிறைய நேரம் போகும்.

## வரி முடிவு என்ற சின்ன எழுத்து

விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு எழுத்துகள், யூனிக்ஸில் ஒன்று. விண்டோஸுக்கான கிட்டை இயல்பான தேர்வுகளோடு நிறுவினால் கோப்புகளை எடுத்துவைக்கும்போது விண்டோஸ் வரி முடிவாக மாற்றிவிடும். அந்த ஸ்கிரிப்டை அப்படியே லினக்ஸ் கன்டெய்னருக்குள் நகலெடுத்து ஓட்டினால், முதல் வரியில் இருக்கும் ஷெல்லின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். கெர்னல் அந்தப் பெயரில் ஒரு புரோகிராமைத் தேடிவிட்டு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது! இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, அது கேட்ட ஷெல். கிட்டின் பண்புகள் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எப்போதும் யூனிக்ஸ் வரி முடிவு என்று ஒரு வரி எழுதி வைத்தால் இது திரும்ப வராது.

## பாலங்கள் எவ்வளவு தூரம் தாங்கும்

விண்டோஸில் யூனிக்ஸ் சூழலைக் கொண்டுவரும் முயற்சி 1995இல் சிக்வின்னோடு தொடங்கியது. அதன் வழியில் வந்த எம்சிஸ்2 மீதுதான் இன்று பலர் பயன்படுத்தும் கிட் பாஷ் நிற்கிறது. இது உண்மையான பாஷ், ஆனால் கீழே இருப்பது விண்டோஸ். சாய்கோட்டில் தொடங்கும் ஆர்க்யூமென்டைப் பார்த்ததும், இது கோப்பின் பாதை என்று நினைத்து விண்டோஸ் பாதையாக மாற்றிவிடும். டாக்கர் கன்டெய்னருக்குள் இருக்கும் ஆப் ஃபோல்டரைக் குறிப்பிட்டால், கிட் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப் என்று மாறிப் போய்ச் சேரும். உதவ வேண்டும் என்று செய்வதுதான், ஆனால் தெரியாதவருக்குப் பெரும் புதிர். மாற்ற வேண்டாம் என்று சொல்ல ஒரு சுற்றுச்சூழல் வேரியபிள் இருக்கிறது.

2016இல் வந்த டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வேறு வகை. அதன் முதல் பதிப்பு லினக்ஸ் சிஸ்டம் கால்களை (புரோகிராம் கெர்னலிடம் கேட்கும் வேலைகளை) விண்டோஸ் கெர்னலுக்கு மொழிபெயர்த்தது. 2020இல் விண்டோஸ் 10இன் 2004 என்ற எண் கொண்ட பதிப்போடு எல்லோருக்கும் வந்த இரண்டாம் பதிப்பு மெலிதான ஒரு விர்ச்சுவல் மெஷினில் உண்மையான லினக்ஸ் கெர்னலையே ஓட்டுகிறது. எனவே அங்கே எதுவும் "கிட்டத்தட்ட" இல்லை, அது லினக்ஸேதான். ஒரே ஒரு விஷயம், உங்கள் திட்டத்தின் கோப்புகளை லினக்ஸ் பக்கத்திலேயே வையுங்கள். விண்டோஸ் டிரைவிலிருந்து படித்தால் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள திட்டங்கள் மிக மெதுவாக நகரும்.

ஆனால் நீங்கள் எழுதும் மென்பொருள் விண்டோஸ் பயனாளிகளுக்கும் என்றால் டபிள்யூஎஸ்எல்லில் ஓடுவது சோதனையாகாது. லினக்ஸில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்ததாகத்தான் கணக்கு.

## சரி, என்ன செய்யலாம்

1. எந்த ஷெல் என்று முதலில் முடிவெடுங்கள். பாஷ் வசதி வேண்டுமென்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள், மேக்கிலும் ஓட வேண்டுமென்றால் 3.2இல் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்ஹெச் என்று எழுதினால் டாஷில் ஓட்டிப் பாருங்கள்.
2. வேரியபிளை எப்போதும் இரட்டை மேற்கோளில் வையுங்கள். ஷெல்செக் என்ற இலவசக் கருவி இதையும் எஸ்ஹெச்சுக்குள் நுழைந்த பாஷ் வசதிகளையும் பிடித்துக் காட்டும். ஷெல் எழுதும் எவரும் அதை ஓட்டாமல் ஒரு ஸ்கிரிப்டையும் வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.
3. நிபந்தனை, சுழற்சி, எழுத்தை வெட்டி ஒட்டுவது என்று ஸ்கிரிப்ட் வளரத் தொடங்கினால் அதைத் திட்டம் எழுதப்பட்ட மொழிக்கே கொண்டுபோய்விடுங்கள். பைத்தானோ நோட்டோ கோப்புப் பாதை, நகலெடுப்பது, அழிப்பது எல்லாவற்றையும் மூன்று சிஸ்டத்திலும் ஒரே மாதிரி செய்யும். அங்கிருந்து வேறு புரோகிராமை அழைக்கும்போது ஒரே வரியாக ஒட்டிக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுங்கள்.
4. வழிகாட்டியில் கமாண்ட் எழுதினால் அது எந்த ஷெல்லுக்கு என்றும் எழுதுங்கள். "விண்டோஸ்" என்று எழுதினால் போதாது. சிஎம்டியா, 5.1ஆ, 7ஆ என்று சொல்ல வேண்டும்.
5. மூன்று சிஸ்டத்திலும் தானாகச் சோதனை ஓடும்படி வையுங்கள், அங்கேயும் ஷெல்லைக் குறிப்பிடுங்கள். கிட்ஹப்பின் தானியங்கிச் சோதனை வசதியான ஆக்‌ஷன்ஸில் எதுவும் சொல்லாவிட்டால் விண்டோஸில் பவர்ஷெல்லும் மற்ற இரண்டில் பாஷும் ஓடும். பவர்ஷெல்லில் பல வரிகள் எழுதினால், நடுவில் ஒரு வெளிப் புரோகிராம் தோற்றாலும் ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய்விடும், கடைசி வரி வென்றால் பச்சைக் குறி விழுந்துவிடும். பாஷ் பக்கத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஷெல்லைக் குறிப்பிடாமல் விட்டால் பைப்பின் நடுவில் தோற்ற கமாண்ட் கண்டுகொள்ளப்படாது, பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால் அதுவும் தோல்வியாகக் கணக்கில் வரும். லினக்ஸ் ஜாப்தானே, இயல்பாகவே பாஷ்தானே என்று விட்டுவிடாமல் அங்கேயும் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.